சிறப்புப் பேச்சாளருக்குக் கேள்விகளை முன்கூட்டியே அனுப்புங்கள்

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கக் கூட்டத்திற்கு நீர்வளத் துறைப் பொறியாளரையோ மாநகராட்சி அதிகாரியையோ பேச அழைத்தால், உறுப்பினர்களின் கேள்விகளை ஒரு வாரத்திற்கு முன்பே துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, ஒரே பொருளில் உள்ளவற்றைச் சேர்த்து, ஐந்தாறு கேள்விகளாக்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி என்பது திருநெல்வேலிச் சீமையில் பலருக்கும் தெரியும். ஆனால் கார் சாகுபடிக்கு எந்தக் கால்வாயில் எத்தனை கன அடி நீர் திறக்கப்பட்டது என்று மேடையில் திடீரெனக் கேட்டால், கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்பதைத் தவிர அவரால் வேறு எதுவும் கூற இயலாது. முன்பே கேள்வி கையில் இருந்தால் அவர் உரிய விவரங்களோடு வருவார். எழுந்து நின்று பேசத் தயங்குபவர்களின் கேள்விக்கும் இடம் கிடைக்கும் என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். விடை கிடைக்காத கேள்வியை, 10 ரூபாய் கட்டணத்துடன், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுவாக அனுப்பினால், பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

தேர்தல் வேட்பாளர்களை அழைக்கும் கூட்டத்திற்கு இம்முறை பொருந்தாது. அங்கே முன்தயாரிப்பு இல்லாத நேரடி விடையே வாக்காளருக்குத் தேவை.