புதுசாகத் தலைவரான தங்கச்சிக்கு

முதலில் நாற்காலி. ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் நீதான் உட்கார வேண்டும். வீட்டுக்காரர் வந்தால் எதிர் பெஞ்சு போதும். கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊரில் இதற்கே ரொம்ப நாள் முகம் சுளித்தார்கள்.

காசோலையில் உன் கையெழுத்தோடு துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும். "அவசரத்துக்கு ஆகும் ஆச்சி, வெறுமனே போட்டு வையுங்க" என்பார்கள். போடாதே. தொகை, வாங்குபவர் பெயர், தீர்மான எண் மூன்றையும் பார்த்த பிறகு பேனாவைத் திற. தீர்மானப் புத்தகத்தில் கடைசி வரிக்குக் கீழே இடம் விட்டிருந்தால், குறுக்கே கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போடு. அந்த இடைவெளியில் என்னென்னவோ முளைக்கும்!

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர் வர வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே ஊருணிக்கரைக்கும் ரேஷன் கடைக்கும் போய்ப் பெண்களைக் கூப்பிடு. ஆண்கள் கண்மாய் மீன் ஏலத்தையே பேசிக்கொண்டிருப்பார்கள். குடிநீர் கேட்க வந்தவளிடம் முதலில் மைக்கைக் கொடு.

"பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டால் முத்துலட்சுமி ரெட்டியைச் சொல். 1886-ல் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர். சென்னை சட்ட மேலவையின் துணைத்தலைவராக இருந்தவர். 1920-களிலேயே தேவதாசி முறைக்கு எதிராகப் போராட ஆரம்பித்தார். ஒழிப்புச் சட்டம் 1947-ல்தான் வந்தது. நம் சாக்கடைத் தீர்மானம் நாலு கிராம சபை இழுத்தால் என்ன?

அப்புறம், ரப்பர் ஸ்டாம்பு உன் கைப்பையிலேயே இருக்கட்டும். வீட்டு அலமாரியில் வைக்காதே.