விடுகதையும் என் முகமும்

ஏழு வயது மகளிடம் விடுகதை போட்டால், யோசிக்காமல் பத்துக் காய்கறிப் பெயர்களை அடுக்குவாள். எளிய விடுகதைகளுக்கு மாறினேன், குறிப்புகளைக் கூட்டினேன், பொறுமையாகக் காத்திருந்தும் பார்த்தேன். இரண்டு வாரமாகியும் மாற்றமில்லை.

‘பச்சைப் பெட்டிக்குள் வெள்ளை முத்துகள்’ என்று கேட்ட அன்றுதான் காரணம் புரிந்தது: ஒவ்வொரு பெயரைச் சொன்னதும் அவள் என் புருவத்தைப் பார்த்தாள், அது உயரும்வரை அடுத்த பெயருக்குத் தாவினாள். விடை விடுகதையில் இருப்பதாக அவள் நினைக்கவேயில்லை.

அதன்பின் சரி, தவறு என்று சொல்வதை நிறுத்தி, முகத்தையும் திருப்பிக்கொண்டு, “எந்தச் சொல் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை?” என்று மட்டும் கேட்டேன். “பட்டாணி” என்றவள், பெட்டி பச்சைதான், ஆனால் முத்தும் பச்சையாயிற்றே என்று தானே மறுத்தாள். பிறகு வெண்டைக்காய்க்கு வந்து, பிஞ்சை நறுக்கச் சொல்லி விதையின் நிறத்தைச் சரிபார்த்தாள். முற்றிக் காய்ந்த வெண்டையில் விதை கருத்திருப்பதைக் காட்டியதும், விடுகதையில் ‘பிஞ்சு’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும் என்றாள்.

‘அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு’ என்பதற்கு முதலில் கரும்பு என்றாள். மூன்று பகுதிகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, இருபது நிமிடத்தில் நெல்லுக்கு வந்து சேர்ந்தாள்.