டேனரி (தோல் பதனிடும் ஆலை) செய்முறை ரகசியத்தைச் சட்டப்படி காப்பது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மையும் இரசாயனத்தையும் எவரும் விலைக்கு வாங்கிவிடலாம். எந்தச் சரக்கை எந்த அளவில், எந்த வரிசையில், எவ்வளவு நேரம் ஓட்டுவது என்ற செய்முறைக் குறிப்பு மட்டும் பல ஆண்டு உழைப்பில் சேர்ந்தது. அதைக் காக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தந்த 289-வது அறிக்கையில் அத்தகைய சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இப்போதைக்கு ஒப்பந்தமும், நம்பிக்கை மீறலைத் தடுக்கும் நீதிமன்ற அதிகாரமுமே துணை.

முதலில் ரகசியம் எது என்று எழுத்தில் வரையறுங்கள். அது பொதுவாகத் தெரியாததா, அதனால் வணிக மதிப்பு உண்டா, உரிமையாளர் அதைக் காக்க முயன்றாரா என்ற மூன்று கேள்விகள் எழும். மூன்றாவதில்தான் வழக்கு பலவீனப்படும். குறிப்பை டிரம் பக்கத்துச் சுவரில் ஒட்டியும் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தும் வந்தவர், அதை ரகசியம் என்று நிறுவுவது கடினம். ஆகவே இரசாயனங்களுக்குக் குறியீட்டு எண் கொடுங்கள். முழுக் குறிப்பைப் பார்ப்பவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, கையொப்பம் பெறுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். வேலையை விட்டபின் ஐந்து ஆண்டுகள் எந்த டேனரியிலும் சேரக்கூடாது என்று எழுதுவதில் பயனில்லை; 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி அது செல்லாது. பணியில் இருக்கும் காலத்துக்கான தடையைத்தான் உச்ச நீதிமன்றம் 1967-இல் கோலிகாரி வழக்கில் ஏற்றது. தொழிலாளி கற்ற கைத்திறன் அவருடையது. அதில் உரிமை கோருவது நியாயமும் ஆகாது. எனவே, பட்டியலிட்ட இன்ன தகவலை வெளியிடவோ பயன்படுத்தவோ கூடாது என்று மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்துதரும் வேறு ஆலைக்கு, தோல் அனுப்பும்போது பலர் இந்த ஒப்பந்தத்தை மறக்கிறார்கள். மாதிரி கைமாறும் முன்பே கையொப்பம் வாங்குங்கள். இரசாயன நிறுவனத்தின் டெக்னீஷியனிடமும் அப்படியே.

தகவல் கசிந்தால் மின்னஞ்சல், கணினிப் பதிவுகளை அழியாமல் எடுத்துவைத்து, வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, தாமதிக்காமல் இடைக்காலத் தடை கோருங்கள். அனுமதியின்றிக் கணினியிலிருந்து நகலெடுத்திருந்தால், 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவின்படி இழப்பீடும் கேட்கலாம். மனுவில் செய்முறையை முழுமையாக எழுதிவிடாதீர்கள்; அதை முத்திரையிட்ட உறையில் தாக்கல் செய்ய அனுமதி கேளுங்கள்.