சிமுலேற்றர் திரையின் கண்கூச்சம்: கைக்கண்ணாடி காட்டிய காரணம்

யாழ்ப்பாணத்தில் என் வீட்டு முன்னறையில் அமைத்துள்ள விமான சிமுலேற்றரில் (விமானம் ஓட்டுவதைக் கணினித் திரையில் பாவனையாகச் செய்யும் அமைப்பு), பிற்பகல் 3 மணிக்குப் பின் பலாலி ஓடுபாதையை நோக்கி இறங்கும்போதெல்லாம், விமானக் கருவிகளைக் காட்டும் கருவித்திரையில் வெண்படலம் ஒன்று விழுந்து உயரமானியின் எண்களை மறைத்தது. யன்னலுக்குத் தடித்த சீலை போட்டும் அது குறையவில்லை. பிரகாசத்தைக் கூட்டியதில் கண் உளைந்ததுதான் மிச்சம். கூச்சம் தடுக்கும் மெல்லிய தாளை ஒட்டியபோது சிறிய எழுத்துகள் பொரிபொரியாகத் தெரிந்தமையால், மறுநாளே உரித்துவிட்டேன். மூன்று நாட்கள் இப்படியே வீணாகின.

பின்னர் திரையை அணைத்து, அதன்மீது கைக்கண்ணாடி ஒன்றை ஒட்டினாற்போல் வைத்து, வழக்கமான உயரத்தில் கதிரையில் அமர்ந்து பார்த்தேன். அதில் யன்னல் தெரியவே இல்லை. தெரிந்தது வெள்ளைக் கூரைத்தட்டு. முற்றத்து வெண்மணலில் பட்ட வெயில், கதவுக்கு மேலுள்ள காற்றுத்துவாரங்களின் வழியே மேலேறி அத்தட்டை ஒளிரச் செய்ய, பின்புறம் சாய்ந்திருந்த கருவித்திரை அந்த ஒளியை நேரே என் கண்ணுக்கு அனுப்பியிருக்கிறது. திரையை 10 பாகை நிமிர்த்தினேன். தெறிக்கும் கதிர் அதன் இருமடங்காக, 20 பாகை விலகும் என்பதால் அதுவே போதுமாயிற்று. இப்போது திரையில் தெறிப்பது என் மடிதான். ஆகவே வெள்ளைச் சாரத்துடன் பறப்பதில்லை.