சுவிசேஷம் சொல்ல லயத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதர் எல்லாரும் பாவிகள் என்பது கிறிஸ்தவ போதனையின் அடிப்படை. ரோமர் 3:23 யாரையும் விட்டுவைக்கவில்லை, போதகரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயங்கள் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்கள் இதை அடுத்தவருக்கு மட்டும் உரியதாக எடுத்துக்கொள்வதில்தான் பல தவறுகள் ஆரம்பிக்கின்றன.

எடுத்த எடுப்பிலேயே "நீங்கள் பாவி" என்று தொடங்காதீர்கள். கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கிய அக்கா, இடுப்பில் கட்டிய ஈரப் படங்கை அவிழ்த்து ஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) போட்டுவிட்டு, அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டிருப்பார். அடுப்பு இன்னும் மூட்டியிருக்க மாட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் ஏச்சு வாங்கியவருக்கு, சாயங்காலம் வாசலில் வந்து நிற்கும் நீங்களும் இன்னொரு மேலதிகாரி மாதிரித்தான் தெரிவீர்கள். இதற்குப் பழைய காரணமும் உண்டு. தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்ய 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், தோட்டத் துரைமாரின் ஆதரவோடு நடந்த வேலை. பிரசங்கம் துரை பக்கத்திலிருந்து வந்தது என்ற நினைப்பு எளிதில் போகாது. பவுல் அத்தேனே நகரத்து விக்கிரகங்களைப் பார்த்து உள்ளுக்குள் கொதித்தார். ஆனால் பேசும்போது அவர்களுடைய பக்தியிலிருந்துதான் தொடங்கினார், மனந்திரும்புதலைப் பிறகுதான் சொன்னார் (அப்போஸ்தலர் 17). ஆதியாகமத்திலும் பாவம் மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறது. மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்பது அதற்கு முன்பே, முதலாம் அதிகாரத்தில் இருக்கிறது.

அடுத்தது, ஆபத்து வந்த வீட்டில் பாவக் கணக்குப் பார்ப்பது. இதை மன்னிக்கவே முடியாது என்பேன். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. மழை, செங்குத்தான சரிவு, ஆபத்தான இடத்தில் குடியிருக்க வைத்தது என்று காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்ற கேள்விக்கு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்லிவிட்டார் (லூக்கா 13). கூடவே, கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார்.

கசிப்பு (கள்ளச் சாராயம்), பீடி, சினிமாவோடு பாவத்தின் பட்டியலை முடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கசிப்பால் குடும்பம் அழிவது உண்மைதான். ஆனால் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று இஷ்டத்துக்குக் கிலோவைக் கழிப்பவரிடம் யார் பாவத்தைப் பற்றிப் பேசுவது? கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. குடிக்கிறவரை மட்டும் பாவி என்று சொல்லிவிட்டு, நிறுக்கிறவர் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், லயத்துச் சனம் அதைக் கவனிக்காமல் இருக்காது.

அப்புறம், கை தூக்க வைத்துத் தலையெண்ணுவது. பாவத்தைப் பற்றிய சபைகளின் போதனை இங்கேதான் நேராகவே நடைமுறையில் தெரிகிறது. பாவம் மனித இயல்பைக் காயப்படுத்தியது, முற்றாகக் கெடுக்கவில்லை என்கிறது கத்தோலிக்க போதனை. மனம் திரும்பும் சக்தியே மனிதனுக்கு இல்லை, தேவன்தான் திருப்ப வேண்டும் என்கிறது புரொட்டஸ்தாந்து சீர்திருத்தவாதி கல்வினின் வழி. மனிதன் இப்போதே தீர்மானிக்க முடியும் என்று நம்பிய அமெரிக்கப் பிரசங்கி சார்ள்ஸ் ஃபின்னி, 1830களில் தம் கூட்டங்களில் தயங்குகிறவர்களை முன்வரிசைப் பெஞ்சுக்கு அழைத்து உட்கார வைத்தார். நம்மூர் எழுப்புதல் கூட்டங்களில் முன்னால் வரச் சொல்வதும் ஏறக்குறைய அதே முறைதான். நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, மனதைத் திருப்புவது ஆவியானவர் என்று நம்பினால் நெருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரிசி, பருப்புப் பொதியைக் கொடுத்துவிட்டு ஜெபத்துக்கு வரச் சொல்லவும் வேண்டாம். அம்மா பார்த்திருக்க, மகளைச் சாமிப் படத்தைக் கழற்றச் சொல்லவும் வேண்டாம். போன மாதம் கை தூக்கியவர் இந்த மாதம் மாரியம்மன் திருவிழாவுக்குக் காசு கொடுத்தாரா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கவும் வேண்டாம்.