என்சைம் ரியாக்‌ஷனை என்எம்ஆர்ல பாக்குறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

என்எம்ஆர்ங்கறது மாலிக்யூல்ல இருக்கற அணுக்களோட சிக்னல காந்தப்புலத்துல பிடிச்சு பீக்கா வரைஞ்சு காட்டுற முறை. அதுல புதுசா ஒரு பீக் வந்த உடனே "சார் இன்டர்மீடியட் கெடச்சிருச்சு"ன்னு கைடுக்கு வாட்ஸ்அப் போடுறத மொதல்ல நிறுத்துங்க. இன்டர்மீடியட்னா சப்ஸ்ட்ரேட் (என்சைம் மாத்துற பொருள்) புராடக்டா மாறுறப்போ நடுவுல கொஞ்ச நேரம் வர்ற மாலிக்யூல். பெங்களூர்ல பயோகெமிஸ்ட்ரி லேப்ங்கள்ல நம்ம ஊர்ப் பசங்க நெறைய பேரு இருக்காங்க, மெஸ்ல உக்காந்து பேசினா பாதி பேரு இந்தக் கதையத்தான் சொல்றாங்க, ராத்திரி ஸ்லாட் கெடச்சுச்சு, ஓட்டினேன், எங்கயுமே இல்லாத எடத்துல ஒரு பீக், அவ்ளோதான், மெக்கானிசமே வரைஞ்சு முடிச்சாச்சு!

என்எம்ஆருக்குத் தெரியுறது சேந்து நிக்கிற சரக்கு மட்டும்தாங்க. ஆக்டிவ் சைட்ல ஒட்டிக்கிட்டே இருக்கற இன்டர்மீடியட்டோட அளவு என்சைமோட அளவத் தாண்டவே முடியாது. நீங்க 1 மைக்ரோமோலார் என்சைமும் 5 மில்லிமோலார் சப்ஸ்ட்ரேட்டும் போட்டா இன்டர்மீடியட் அதிகபட்சம் அந்த 1 மைக்ரோமோலார்தான், அதுவும் பெரிய புரோட்டீன்ல ஒட்டியிருக்கறதால லைன் அகலமாகி பேஸ்லைன்லயே கரைஞ்சுரும். ராத்திரி முழுக்க ஸ்கேன் போட்டா வந்துரும்னு நெனைக்காதீங்க, அதுக்குள்ள சப்ஸ்ட்ரேட்டே தீர்ந்திருக்கும்.

இதுக்கு நல்ல உதாரணம் இபிஎஸ்பி சின்தேஸ், நம்ம ஊர்ல களைக்கொல்லியா அடிக்கிற கிளைபோசேட் தடுக்குற அதே என்சைம்தான். அதோட டெட்ராஹீட்ரல் இன்டர்மீடியட்ட 1988ல தனியாவே பிரிச்சு எடுத்துக் காட்டினாங்க. எப்படின்னா, என்சைம கேட்டலிஸ்ட் மாதிரி துளியூண்டு போடாம சப்ஸ்ட்ரேட் அளவுக்கே போட்டாங்க, குவென்ச் பண்ண, அதாவது ரியாக்‌ஷன சட்டுன்னு நிறுத்த, ஆசிட்டுக்குப் பதிலா ட்ரைஎத்தில்அமீன் எடுத்தாங்க, ஏன்னா அந்த மாலிக்யூல் ஆசிட் பட்டா ஒடஞ்சுரும், பேஸ்ல தாங்கும். பழக்க தோஷத்துல டிசிஏங்கற ஆசிட்ட ஊத்துற ஆளா இருந்தா அத பாத்திருக்கவே முடியாது. கதை அதோட முடியல. அதே என்சைம ரியாக்‌ஷன் ஈக்விலிப்ரியம் வந்த பிறகும் ரொம்ப நேரம் அப்படியே விட்டா, இபிஎஸ்பி கீட்டால்னு வேற ஒரு சரக்கு மெதுவா சேரும், அதையும் என்சைம்தான் பண்ணுது, பீக்கும் நீங்க இன்டர்மீடியட்ட எதிர்பாக்குற ஏரியாலயே வந்து நிக்கும், ஆனா அது மெயின் பாதைல இல்லாத சைட் புராடக்ட். அதனால ஷிஃப்ட் (பீக் நிக்கிற எடம்) பொருந்துது, ஸ்ட்ரக்சர் பொருந்துதுன்னா பத்தாது, ரியாக்‌ஷன் நடக்குற வேகத்துக்கு அது உருவாகுதா, அதே வேகத்துல புராடக்டா மாறுதான்னு பாத்தே ஆகணும். ஒரு மணி நேரம் கழிச்சு தல காட்டுற பீக், செகண்டுக்கு பத்து தடவ சுத்துற என்சைமோட இன்டர்மீடியட்டா இருக்க வாய்ப்பே இல்ல.

அடுத்து டி2ஓ, அதாவது ஹைட்ரஜனுக்குப் பதிலா டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) இருக்கற தண்ணி. பீக் கொறையுதுன்னா சப்ஸ்ட்ரேட் செலவாகுதுன்னு நேரா எழுதிடுறாங்க. பிஎல்பி (வைட்டமின் பி6லேந்து வர்ற துணை மாலிக்யூல்) வெச்சு வேலை பாக்குற என்சைம்கள்ல ஆல்ஃபா ஹைட்ரஜன் கழண்டு அந்த எடத்துல டியூட்டீரியம் வந்து ஒக்காந்தா புரோட்டான் ஸ்பெக்ட்ரம்ல பீக் காணாமப் போகும், சப்ஸ்ட்ரேட் என்னவோ அப்படியே ட்யூப்லதான் இருக்கும். பக்கத்துல இருக்குற மெத்தில் பீக்கோட டப்ளெட் (ரெண்டாப் பிரிஞ்ச பீக்) சிங்லெட் (ஒத்த பீக்) மாதிரி சுருங்குதான்னு பாருங்க, விஷயம் அங்கயே தெரிஞ்சுரும். பிஎச் மீட்டர் காட்டுறதுக்கு மேல 0.4 கூட்டினாத்தான் பிடி (டி2ஓல பிஎச்சுக்குப் பதிலா பாக்குறது), இதையும் பாதி பேரு விட்டுர்றாங்க.

பைருவேட் வெச்சு வேலை பாக்குறவங்களுக்குத் தனியா ஒண்ணு. 2.4 பிபிஎம் (பீக் நிக்கிற எடத்த சொல்ற அளவு) பக்கம் மெத்தில் வரும், கூடவே 1.5 பக்கம் குட்டியா ஒரு சிங்லெட் வரும், அது தண்ணி சேந்த பைருவேட், பிஎச் கொறைய கொறைய அது ஏறும். அலனின் மெத்திலும் அங்கதான் வரும், ஆனா அது டப்ளெட். ஃபார்மால்டிஹைடு வெளிய விடுற என்சைம்னா இன்னும் மோசம், தண்ணில அது தண்ணி சேந்து டையாலாத்தான் இருக்கும், பீக் 4.8 பக்கம், சரியா தண்ணி பீக்க அமுக்க வாட்டர் சப்ரெஷன் போடுற எடத்துல, அப்புறம் "புராடக்டே வரல"ன்னு பொலம்பல்.

கிளைகோசிடேஸ் (சர்க்கரை இணைப்ப வெட்டுற என்சைம்) ஆளுங்க லேட்டா பாத்து ஏமாந்துருவாங்க. குளுக்கோஸோட ரெண்டு வடிவத்துல ஆல்ஃபா பீக் 5.23 பிபிஎம், பீட்டா 4.64. என்சைம் மொதல்ல எத விடுதுங்கறதுலதான் ரீடெய்னிங்கா (வடிவத்த அப்படியே வெக்குதா) இன்வெர்ட்டிங்கா (மாத்திப் போடுதா)ன்னு முடிவு பண்றோம், ஆனா நேரம் ஆக ஆக ரெண்டும் தானா மாறி ஆல்ஃபா 36, பீட்டா 64 சதவீதம்னு நின்னுரும், பாஸ்பேட் பஃபர் அத இன்னும் வேகமாக்கும். காலைல வந்து பாத்தா எல்லா என்சைமும் ஒரே மாதிரிதான் தெரியும். என்சைம் இல்லாத அதே சாம்பிள்ல லாக், ஷிம் (காந்தப்புலத்த நிலையா, சீரா வெக்கிற வேலை), டெம்பரேச்சர் எல்லாம் முடிச்சு வெச்சுட்டு, கடைசியா என்சைம சேத்து உள்ள எறக்குங்க. அப்படிப் பண்ணாலே மொத ஸ்பெக்ட்ரம் வர்றதுக்குள்ள ஒன்னு ரெண்டு நிமிஷம் போயிருது.

நம்ம லேப்ல மெஷின் இல்லன்னு வேற கேம்பஸுக்கு ட்யூப தூக்கிட்டுப் போறவங்க கவனிங்க. எலக்ட்ரானிக் சிட்டில ஐஸ் பாக்ஸோட ஏறி சில்க் போர்டு தாண்டி யஷ்வந்த்பூர் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள ஐஸ் கரையும், ரியாக்‌ஷன் பாட்டுக்கு நடக்கும், நீங்க டைம் பாயின்ட் பத்து நிமிஷம்னு எழுதியிருப்பீங்க. ஐஸ் என்சைம நிறுத்தாது, மெதுவாத்தான் ஆக்கும். ஒண்ணு லேப்லயே ஒழுங்கா குவென்ச் பண்ணுங்க, இல்ல என்சைமையும் சப்ஸ்ட்ரேட்டையும் தனித்தனியா எடுத்துட்டுப் போய் அங்க கலங்க.

அளவெடுக்குற விஷயத்துல, 90 டிகிரி பல்ஸ் போட்டா ரெண்டு ஸ்கேனுக்கு நடுவுல டி1 (பல்ஸுக்கு அப்புறம் அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்புற நேரம்) மாதிரி அஞ்சு மடங்கு காத்திருக்கணும், கார்பனைல் கார்பனுக்கெல்லாம் டி1 ரொம்ப நீளம், அவசரப்பட்டா அந்த பீக் மட்டும் குட்டியா வந்து "புராடக்ட் கம்மி"ன்னு பொய் சொல்லும். அளவ ஒப்பிட இண்டெர்னல் ஸ்டாண்டர்டா டிஎஸ்பிங்கற பொருள போட்டா அது சில புரோட்டீன்ல போய் ஒட்டிக்கும், அதையும் ஒரு தடவ செக் பண்ணிக்கோங்க.

கடைசியா அழுக்கு. 3.5லேந்து 3.8 வரைக்கும் மலை மாதிரி நிக்கிறது பெரும்பாலும் கிளிசரால்தான், என்சைம் ஸ்டாக்லேந்து வந்திருக்கும், இல்லன்னா கான்சன்ட்ரேட்டர் ஃபில்டர் மெம்ப்ரேன்லேந்து. ஃபில்டர யூஸ் பண்றதுக்கு முன்னாடி தண்ணி விட்டு நாலஞ்சு தடவ ஸ்பின் பண்ணிக் கழுவுங்க. புரோட்டீன சுத்தம் பண்ற நிக்கல் காலம்லேந்து (column) வர்ற இமிடசோல், அப்புறம் டிடிடிங்கற ரெட்யூசிங் ஏஜென்ட், இதெல்லாம் பஃபர் பிளாங்க்ல (பஃபர மட்டும் வெச்சு ஓட்டுறது) தெரிஞ்சுரும், ஆனா பிளாங்க் ஓட்டணும்ல? 31பில (பாஸ்பரஸ் என்எம்ஆர்ல) ஏடிபியோட பீட்டா பாஸ்பேட் ரெண்டு மூணு பிபிஎம் நகர்ந்திருந்தா மெக்னீசியம் எவ்ளோ இருக்குன்னு பாருங்க, புது மாலிக்யூல் ஒண்ணும் இருக்காது. மெக்னீசியத்துக்குப் பதிலா மாங்கனீஸ் போட்டிருந்தா லைனே அகலமாகி மறைஞ்சுரும், அதுக்கு ஷிம்மத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல.