எது வலிமையான அமிலம்? பட்டியல் இல்லாமல் ஒப்பிடும் முறை

நான்கு அமிலங்களைக் கொடுத்து "வலிமையின் ஏறுவரிசையில் எழுதுக" என்று கேட்டால், பலரும் மனப்பாடம் செய்த பட்டியலைத்தான் தேடுவார்கள். அது தேவையில்லை. அமிலம் தன் புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) கொடுத்துவிட்டு மிஞ்சும் துகள் எவ்வளவு நிலையானது என்று பார்த்தாலே பெரும்பாலான கேள்விகளுக்கு விடை வந்துவிடும்.

படி 1: செறிவு வேறு, வலிமை வேறு

எவ்வளவு அமிலத்தைக் கரைத்தோம் என்பது செறிவு. கரைத்ததில் எவ்வளவு புரோட்டானைக் கொடுத்துப் பிரிகிறது என்பது வலிமை. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் பிரிந்துவிடும், பிஹெச் (கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்) 1. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை அதே 0.1 மோலாரில் எடுத்தால், நூறு மூலக்கூறுகளில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் பிரியும். பிஹெச் சுமார் 2.9. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய் பிஹெச்சை 4-க்குக் கொண்டுவந்தாலும் அது வலிமையான அமிலம்தான், நீர்த்துப்போயிருக்கிறது, அவ்வளவே. ஆகவே பிஹெச்சை வைத்து ஒப்பிடுவதென்றால் செறிவு சமமாக இருக்க வேண்டும்.

வலிமை குறைந்த அமிலம் ஆபத்தில்லாதது என்றும் நினைக்க வேண்டாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வலிமை குறைந்ததுதான். ஆனால் கண்ணாடியை அரிக்கும். தோலுக்குள் ஊடுருவி உடலின் கால்சியத்தோடு வினைபுரியும்.

படி 2: எண் இருந்தால் எண்ணைப் பாருங்கள்

அமிலம் எந்த அளவு பிரியும் என்பதைக் காட்டும் பிரிகை மாறிலியை மடக்கை அளவில் சொல்லும் எண்தான் பிகேஏ. அது குறையக் குறைய வலிமை கூடும். ஓர் அலகு வித்தியாசம் என்றால் பிரிகை மாறிலியில் பத்து மடங்கு வித்தியாசம். ஃபார்மிக் அமிலத்துக்கு 3.75, அசெட்டிக் அமிலத்துக்கு 4.76. சரி, ஃபார்மிக் அமிலமே வலிமையானது, சுமார் பத்து மடங்கு.

படி 3: எண் இல்லையா? அமைப்பைப் பாருங்கள்

முதலில் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும் அணு. தனிம வரிசை அட்டவணையில் ஒரே தொடரில் வலப்பக்கம் போகும்போது எலக்ட்ரான் கவர்தன்மையோடு (பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறனோடு) அமில வலிமையும் கூடும்: மீத்தேன், அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஃபுளோரைடு. ஒரே தொகுதியில் கீழே இறங்கும்போது அணுவின் பருமன்தான் முக்கியம். இங்கேதான் பலர் வழுக்குவார்கள்: ஃபுளோரினின் கவர்தன்மைதான் அதிகம், எனவே அதன் அமிலமே வலிமையானது என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் ஹைட்ரஜன்–ஃபுளோரின் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 565 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜன்–அயோடினுக்குச் சுமார் 300 போதும். மேலும், பெரிய அயோடைடு அயனியில் மின்சுமை பரவி இருக்க இடம் அதிகம். ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய நான்கின் அமிலங்களில் ஹைட்ரோஅயோடிக் அமிலமே வலிமையானது.

அணு ஒன்றேயானால் உடனிசைவை, அதாவது மின்சுமை பல அணுக்களுக்குப் பரவுகிறதா என்பதைப் பாருங்கள். எத்தனால், அசெட்டிக் அமிலம் இரண்டிலும் புரோட்டான் ஆக்சிஜனிலிருந்துதான் போகிறது. ஆனாலும் ஒன்றின் பிகேஏ சுமார் 16, மற்றதற்கு 4.76. அதாவது ஏறத்தாழ பத்தாயிரம் கோடி மடங்கு! எத்தாக்சைடில் மின்சுமை ஒரே ஆக்சிஜனில் நிற்கிறது. அசெட்டேட்டில் இரண்டு ஆக்சிஜன்களுக்கும் சமமாகப் பரவிவிடுகிறது. இரண்டு கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகளின் நீளமும் ஒன்றாகவே இருக்கும்.

அப்புறம் அக்கம்பக்கம். அசெட்டிக் அமிலத்தின் மெத்தில் தொகுதியில் ஒரு குளோரினை வைத்தால் பிகேஏ 2.86 ஆகிறது, மூன்று வைத்தால் சுமார் 0.7. குளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து, மிஞ்சும் அயனியை நிலைப்படுத்துகிறது. இதுதான் தூண்டல் விளைவு.

படி 4: காரங்களுக்குத் திருப்பிப் போடுங்கள்

காரத்தை நேரடியாக ஒப்பிடாமல் அதன் இணை அமிலத்தை (காரம் ஒரு புரோட்டானை ஏற்றபின் கிடைக்கும் துகளை) ஒப்பிடுவது எளிது. இணை அமிலத்தின் பிகேஏ கூடினால் காரம் வலிமையானது. மெத்திலமோனியம் 10.6, அமோனியம் 9.25, அனிலினியம் 4.6. எனவே மெத்திலமீன், அம்மோனியா, அனிலின் என்று வலிமை குறைந்துகொண்டே போகும். அனிலினின் நைட்ரஜனிலுள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டை (பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான்கள்) பென்சீன் வளையத்துக்குள் ஈர்க்கப்படுவதால் புரோட்டானைப் பிடிக்க எளிதில் கிடைப்பதில்லை.

படி 5: வினை நடக்குமா என்று சொல்லிப் பாருங்கள்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வின் சோடியம் பைகார்பனேட் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பானிக் அமிலத்தைவிட வலிமையான அமிலம் பைகார்பனேட்டுக்குப் புரோட்டானைக் கொடுத்தால் கார்பானிக் அமிலம் உருவாகி, கார்பன் டை ஆக்சைடு வாயுவாக வெளியேறும். கார்பானிக் அமிலத்தின் பிகேஏ 6.35. அதைவிட வலிமையான பென்சாயிக் அமிலம் (4.2) சேர்த்தால் நுரைத்துப் பொங்கும். ஃபீனால் (10) சேர்த்தால் பொங்காது. ஆனால் அதே வளையத்தில் மூன்று நைட்ரோ தொகுதிகள் சேர்ந்த பிக்ரிக் அமிலத்தின் மதிப்பு சுமார் 0.4. அதுவும் ஃபீனால் வகைதான் என்றாலும் பொங்கிவிடும். எனவே பொங்கினாலே கார்பாக்சிலிக் அமிலம் என்று முடிவுகட்ட வேண்டாம்.